மடிக்காத தாள்

ஏப்ரல் 28, ஞாயிறு

இந்த டைரி வேஸ்ட். எங்கள் பைண்டிங் பட்டறையில் போன கார்த்திகையில் செய்தது. ஜூன் 23-க்குப் பிறகு நேராக ஜூலை 10 வருகிறது. நடுவில் ஒரு ஃபாரம் விட்டுப்போய்விட்டது. பெரிய தாள் ஒன்றை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம் வரும், அதுதான் ஒரு ஃபாரம். அந்தப் பதினாறுகளை வரிசையாக எடுத்துச் சேர்த்துத்தான் புத்தகம் ஆகிறது. சேர்க்கும்போது யாரோ ஒன்றைத் தாண்டி அடுத்ததில் கை வைத்துவிட்டார்கள்.

கடைக்குப் போகாது என்று மேஸ்திரி வேஸ்ட் மூட்டையில் போட்டார். என்னோடு ஒரே மடிப்புப் பலகையில் உட்கார்ந்து மடிக்கிற புஷ்பம் அக்கா எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீதான் வாயே திறக்க மாட்டியே பாண்டி. இதுலயாவது எதாச்சும் எழுது."

அதை வாங்கி மாதங்களாகிவிட்டது. இன்றுதான் எழுதத் தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது. துவைத்து முடித்து உட்கார்ந்தேன், கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பெயர் பாண்டீஸ்வரி. வயது பதினேழு. ஊர் சிவகாசி. வேலை, தாள் மடிப்பது.

ஏப்ரல் 29, திங்கள்

மடித்தேன்.

மே 3, வெள்ளி

புதுக் கட்டு வந்து இறங்கியது. எட்டாம் வகுப்புக் கணக்கு கைடு. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கடைக்குப் போக வேண்டுமாம். சங்கிலி அண்ணாச்சி காலையிலேயே சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். அவர்தான் மேஸ்திரி. சத்தம்தான் பெரிது, ஆள் நல்லவர்.

மடிக்கும்போது படிக்கக் கூடாது. படித்தால் கை நின்றுவிடும். நான் எழுத்தைப் பார்க்காமல் ஓரத்தை மட்டும் பார்த்து மடிப்பேன். இன்று புஷ்பம் அக்காவின் கை நின்றது.

"ஏ பாண்டி, இங்கன பாரு. ரெண்டு போட்டு, மேல குட்டியா மூணு போட்டிருக்கான். இருவத்தி மூணா?"

"இல்லக்கா. ரெண்டின் அடுக்கு மூணு. ரெண்ட மூணு தடவ எழுதிப் பெருக்கணும்."

"உனக்குத் தெரியுமா இதெல்லாம்?"

நான் அடுத்த தாளை எடுத்தேன். தெரியும் என்றால் அடுத்த கேள்வி வரும்.

வந்தது. அக்காவுக்குக் கணக்குப் பரீட்சை மட்டும் பாக்கி. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு பத்தாவதைத் தனியாக எழுதினாள். மற்றதெல்லாம் தேறிவிட்டது, கணக்கு மட்டும் எழுத எழுதப் போகிறது. அவள் தெருவில் இருக்கிற பால்வாடியில் ஓர் இடம் காலியாகப் போகிறதாம், அதற்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டுமாம். ஜூலையில் மறுபடி பரீட்சை. "இந்தத் தடவையும் போச்சுன்னா, சாகுற வரைக்கும் இந்தப் பலகதான்" என்றாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். "உனக்கும் கணக்கு மட்டும்தான பாக்கி?"

ஆமாம். பத்தாவதில் மற்ற நான்கும் எழுதித் தேறினேன். கணக்குப் பரீட்சை அன்று அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அசையக்கூட முடியவில்லை. அதனால் போகவில்லை. பிறகு அம்மா இடத்தில் நான் மடிக்க வந்துவிட்டேன். இதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

மே 6, திங்கள்

கைடு. கைடு. கைடு. கட்டை விரல் ஓரம் தாள் கிழித்துவிட்டது. பசை பட்டால் எரிகிறது.

மே 8, புதன்

சாப்பாட்டு நேரத்தில் புஷ்பம் அக்கா ஒரு வேஸ்ட் தாளை முன்னால் வைத்து, "சொல்லிக் குடு" என்றாள். எனக்கு யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லை. நான்கு பேர் சேர்ந்து பார்த்தால் எனக்குக் குரல் உள்ளே போய்விடும். அக்கா ஒருத்திதான் என்பதால் உட்கார்ந்தேன்.

2³ எவ்வளவு என்று எழுதச் சொன்னேன். யோசிக்கவே இல்லை, 16 என்று எழுதினாள்.

"எட்டுக்கா."

"எப்படி எட்டாவும்? வயித்துப் பொழப்பே இதுதான. ஒரு மடிப்பு நாலு, ரெண்டு மடிப்பு எட்டு, மூணு மடிப்பு பதினாறு. அண்ணாச்சிய வேணா கேளு."

அவள் சொன்னதும் சரிதான். பட்டறையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கும் கொஞ்ச நேரம் குழம்பியது. சாம்பார் சாதம் ஆறும் வரை தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

பிறகு புரிந்தது. நாங்கள் பக்கத்தை எண்ணுகிறோம். ஒரு தாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கம். அந்த இரண்டு, மடிப்பதற்கு முன்பே தாளில் இருக்கிறது. மடிப்பு கொடுத்தது இல்லை. மூன்று மடிப்பு கொடுப்பது எட்டுத் தாள்தான். கூடப் பெருக்குகிற இரண்டு, தாளின் முதுகையும் எண்ணுவதால் வருவது.

"பக்கத்த எண்ணாதக்கா. தாள எண்ணு. மடிச்சு ஓரத்த வெட்டுனா எத்தன துண்டு விழும்?"

அக்கா விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். எட்டு.

"அப்ப இத்தன வருசமா எல்லாத்துலயும் ஒரு ரெண்ட சேத்துப் பெருக்கிட்டு வந்திருக்கேனா?" என்றாள். சிரித்தாள், ஆனால் முகம் சிரிக்கவில்லை. தயிர்ச் சட்டியை மூடிவிட்டு அந்த எட்டுத் தாளையும் மறுபடி எண்ணினாள்.

மே 12, ஞாயிறு

ரேஷன் கடை. கைரேகை இயந்திரத்தில் என் விரல் விழவில்லை. இடது, வலது, பெருவிரல், ஆள்காட்டி, எதுவும் இல்லை. மடிக்கிறவர்களுக்கு ரேகை தேய்ந்துவிடும். கடைக்காரர் பின்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்கு ஓடி அம்மாவை அழைத்து வந்தேன். அம்மாவின் விரல் முதல் தடவையிலேயே விழுந்தது. பலகையை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டதல்லவா, ரேகை திரும்பி வந்துவிட்டது.

அம்மா இப்போது வீட்டில் கவர் ஒட்டுகிறாள். அப்பா எர்ணாகுளத்தில் ஒரு பிரஸ்ஸில் இருக்கிறார், ஊர்க் கோயில் பங்குனிப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார்.

அரிசி மூட்டையை நான்தான் தூக்கி வந்தேன். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தாள்.

மே 16, வியாழன்

புஷ்பம் அக்கா பரீட்சைக்கு விண்ணப்பிக்கச் சேவை மையத்துக்குப் போனாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் இழுத்துப் போனாள். அங்கே போனதும், "இவளுக்கும் சேத்துப் போடுங்க சார்" என்றாள். என் பழைய மார்க் சீட் அவள் பைக்குள் இருந்தது. அம்மாதான் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

நான் சண்டை போடவில்லை. அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். அக்காவுக்குத் துணையாக வாசல் வரை போவேன். உள்ளே போக மாட்டேன். விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் எழுதுகிறார்களா என்ன.

மே 17, வெள்ளி

இன்று விடுபட்ட காரணி. கைடில் ஒரு பெட்டி போட்டிருக்கிறான்: 2³ × ▢ = 2⁷. பெட்டிக்குள் என்ன?

அக்கா, "நாலு" என்றாள்.

"எப்படிக்கா?"

"ஏற்கெனவே மூணு மடிச்சாச்சு. ஏழு மடிக்கணும். இன்னும் நாலு."

இவ்வளவு சீக்கிரம் யாரும் அதைச் சொல்லிவிட மாட்டார்கள். நான் பள்ளியில் படித்தபோது மூன்றையும் ஏழையும் பெருக்குவதா கழிப்பதா என்றே பாதிப் பேர் குழம்புவார்கள். ஆனால் பெட்டிக்குள் 4 என்று எழுதினால் தப்பு.

"நாலு மடிப்பு பாக்கி, சரி. பெட்டிக்குள்ள மடிப்ப எழுதக் கூடாதுக்கா. அந்த நாலு மடிப்பு எத்தன தாள் ஆக்குமோ அத எழுதணும். ரெண்டின் அடுக்கு நாலு. பதினாறு."

"இந்தப் பதினாறு நெசப் பதினாறுதான? முதுக சேத்து எண்ணலயே?"

"நெசப் பதினாறு."

ஏழு மடிப்பு மடித்துப் பார்த்தே தீருவேன் என்று அக்கா பெரிய வேஸ்ட் தாளை எடுத்தாள். ஐந்து வரை சுலபம். ஆறாவதுக்கு, மடிப்பை அழுத்துகிற மூங்கில் பட்டையை வைத்து இரண்டு பேரும் தேய்த்தோம். ஏழாவது மடியவே இல்லை, செங்கல் மாதிரி எழுந்து நின்றது. சங்கிலி அண்ணாச்சி வந்துவிட்டார்.

"என்ன தாயி, தலகாணியா தைக்கீங்க?"

"அண்ணாச்சி, இது ரெண்டின் அடுக்கு ஏழு" என்றாள் அக்கா.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் அதன்மேல் ஏறி நின்றார். இறங்கியதும் அது மறுபடி எழுந்தது. "கொழுப்பெடுத்த அடுக்கால்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா இன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

மே 22, புதன்

மின்சாரம் இல்லை. ஃபேன் இல்லாதபோது தாள் பறக்காது, வேகமாக மடிக்கலாம். அது ஒன்றுதான் லாபம். ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

மே 24, வெள்ளி

அடுத்த பெட்டி: 2⁵ × ▢ = 2⁵.

"இது எதுக்கு?" என்றாள் அக்கா. "அஞ்சு இருக்கு, அஞ்சுதான் வேணும். பாக்கி ஒண்ணும் இல்ல. பூஜ்யம்."

பக்கத்துப் பலகையில் இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்து, "பூஜ்யம்தான பாண்டி? சொல்லு" என்றாள்.

எனக்குத் தண்ணீர் தாகமாக இருந்தது. எழுந்து போய்விட்டேன். பானையிலிருந்து மொண்டு மொண்டு குடித்தேன். திரும்பி வரும்போது சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது.

மே 25, சனி

எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பேசவே மாட்டாள். கணக்கு நன்றாகப் போடுவாள், தாளில் மட்டும். ஒருநாள் கணக்கு சார் அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். 5⁰ எழுதியிருந்தார். எவ்வளவு என்று கேட்டார். அவள் 0 என்று எழுதினாள். சார் திட்டவில்லை. "யோசிச்சு, ஏன்னு சொல்லு" என்றார். அவளுக்குப் பதில் தெரியும், 1 என்று படித்திருந்தாள், ஆனால் கை வேறு எழுதிவிட்டது. அழித்துவிட்டு 1 என்று எழுதியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஐந்தை ஒரு தடவைகூட எழுதாமல் எப்படி ஒன்று வரும்? அவள் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும் வரை அப்படியே நின்றாள். சார் போய் உட்காரச் சொல்லியும் அவளால் நகர முடியவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு அவளை சைபர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விளையாட்டாகத்தான்.

அவள் அதன்பிறகு கணக்கு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இப்போது எங்கே இருக்கிறாளோ.

மே 27, திங்கள்

அக்கா அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. நானே சொன்னேன். எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. காலையில் மடித்த ஃபாரம் ஒன்று கோணலாகப் போய்விட்டது, அதைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இங்க பாரு. மூணு மடிப்பு, எட்டு. ஒரு மடிப்பப் பிரிக்கிறேன். எத்தன?"

"நாலு."

"இன்னும் ஒண்ணு."

"ரெண்டு."

"கடைசி மடிப்பையும் பிரிச்சாச்சு. இப்ப எத்தன மடிப்பு இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"தாளு?"

அக்கா தாளைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேர் மடியிலும் விரிந்து கிடந்தது.

"தாளு இருக்குல்ல" என்றாள்.

"எத்தன?"

"ஒண்ணு." பிறகு உடனே, "முதுக சேத்தா ரெண்டு" என்றாள்.

"முதுக சேக்காத."

"அப்ப ஒண்ணு. மடிப்பு இல்லாமப் போனா தாளு இல்லாமப் போவுமாக்கும்?"

அதையேதான் நான் சொல்ல நினைத்தேன். அவள் சொல்லிவிட்டாள். அந்தப் பெட்டிக்குள் 1 என்று எழுதினோம்.

ஜூன் 5, புதன்

புஷ்பம் அக்கா வீட்டுக்கு வந்தாள். 432-ஐ இரண்டின் அடுக்காகவும் மூன்றின் அடுக்காகவும் பிரிக்கத் தெரியவில்லையாம். இரண்டால் வகுக்க முடிகிற வரை வகுத்தோம். 216, 108, 54, 27. நான்கு தடவை. பிறகு மூன்றால், மூன்று தடவை. 2⁴ × 3³. அக்காவுக்கு மூன்றின் அடுக்குதான் பிடிக்கவில்லை. "மூணா மடிக்கிற தாளு உலகத்துல கெடையாது" என்றாள். காலண்டர் அட்டைக்கு மூன்று மடிப்பு வைப்பார்களே என்றேன். "அது அட்ட, தாளு இல்ல, அதச் சேத்துக்காத" என்றாள்.

அம்மா டீ கொண்டு வந்து வைத்தாள். இரண்டு பேரும் முன்பு ஒரே பலகையில் மடித்தவர்கள்.

"இடுப்பு எப்படி இருக்கு குருவக்கா?"

"இருக்கு. குனிஞ்சா பிடிக்கி."

"எப்பப் பிடிச்சுது மொதமொத?"

"அது சித்திரையில. வெயில் கொளுத்துச்சு, கொடத்தத் தூக்கையில..." என்று ஆரம்பித்த அம்மா என்னைப் பார்த்தாள். "இல்ல, பங்குனி. இவ பரீச்சையப்ப."

"பங்குனில நீ என் பக்கத்துல உக்காந்து பஞ்சாங்கம் மடிச்சிட்டிருந்தியே. கணக்குப் பரீச்சை நடந்த அன்னைக்குக்கூட வேலைக்கு வந்த. இவ எழுதப் போயிருக்கான்னு சொல்லி எல்லாத்துக்கும் முறுக்கு வாங்கிக் குடுத்த."

"எனக்கு மாசமெல்லாம் நெனப்பில்ல" என்று சொல்லிவிட்டு அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டம்ளரில் டீ பாதி அப்படியே இருந்தது.

அம்மாவுக்கு மாதக் கணக்கு எப்போதும் குழம்பும்.

ஜூன் 9, ஞாயிறு

துவைத்தேன். தலைக்குக் குளித்தேன். நாள் போய்விட்டது.

ஜூன் 14, வெள்ளி

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. அக்கா கம்ப்யூட்டர் கடையில் இரண்டையும் எடுத்து வந்தாள். ஜூலை 4, வியாழன். மையம் எங்கள் பழைய பள்ளிக்கூடம்.

அக்காவிடம் அந்த வாசல் வரைகூட வர முடியாது என்றேன்.

"நீ வரலன்னா நானும் போகல."

"உனக்குப் பால்வாடி வேண்டாமா?"

"வேணும். ஆனா உக்காந்ததும் எனக்கு எல்லாம் மறந்து போவும். வாசல்ல நீ நிக்கணும். நின்னா எனக்கு நெனப்பு இருக்கும். எழுத வேண்டாம் நீ, நில்லு, போதும்."

நிற்பதாகச் சொன்னேன். வேப்ப மரத்தடியில் நிற்கலாம். அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

சங்கிலி அண்ணாச்சியிடம் அக்கா லீவு கேட்டாள். கைடு இன்னும் முடியவில்லை, இரண்டாம் பதிப்பு வந்து குவிந்திருக்கிறது.

"ஒருத்தி போங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல போனா ஃபாரத்த நானா மடிப்பேன்?"

எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் வீட்டில் சொன்னேன், என்னால் போக முடியாது, அண்ணாச்சி விடவில்லை என்று. அம்மா கவருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "ஒன் எடத்துல நான் ஒருநாள் மடிக்கேன்னு சொல்லு" என்றாள்.

"இடுப்பு?"

"ஒருநாள்தான."

"வேண்டாம்மா. நாள் முழுக்க உக்காரணும்."

அம்மா அடுத்த கவரை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நான் வாசலில் இருப்பதைக் கவனிக்காமல் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். இடது இடுப்பு, பிடித்த பக்கம். பழக்கத்தில் தூக்கியிருப்பாள்.

ஜூன் 20, வியாழன்

அம்மாவே பட்டறைக்கு வந்து அண்ணாச்சியிடம் பேசிவிட்டாள். அண்ணாச்சி, "குருவம்மா கை வந்தா ரெண்டு பேர் வேலையில்ல நடக்கும்" என்றார். அம்மா என்னைப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஜூன் 23, ஞாயிறு

இன்றோடு அச்சடித்த பக்கம் தீர்ந்தது. அடுத்தது ஜூலை 10. நடுவில் இருக்கிற நாட்களுக்கு இந்த டைரியில் இடமில்லை. ஒரு விதத்தில் நல்லதுதான். எழுத வேண்டியதில்லை.

அம்மா பழைய மூங்கில் பட்டையைத் தேடி எடுத்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறாள்.

ஜூலை 4, வியாழன்

பட்டறையில் அச்சு விழாத வெள்ளைத் தாள் ஒன்று கேட்டு வாங்கினேன். மூன்று முறை மடித்து, ஓரத்தை வெட்டி, 23-க்கும் 10-க்கும் நடுவில் செருகியிருக்கிறேன். தைக்கவில்லை. டைரியைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தேதியை நானே எழுதினேன்.

காலையில் அம்மா எனக்கு முன்பே கிளம்பிவிட்டாள். மூங்கில் பட்டையைச் சேலை மடிப்பில் செருகியிருந்தாள். "போயிட்டு வாரேன்" என்றாள். நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் வேப்ப மரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். நிற்பதற்கு இடமே இல்லை. வாசலில் நின்றால் வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு சார் வந்து, "ஹால் டிக்கெட் இருக்கா? இருந்தா உள்ள போம்மா, வாசல்ல நிக்கக் கூடாது" என்றார். புஷ்பம் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அவள் கை ஈரமாக இருந்தது.

சுவரில் எண்கள் ஒட்டியிருந்தார்கள். அக்காவுக்கு வராந்தாவின் அந்தக் கோடி. எனக்கு இந்தக் கோடி, பழைய பத்தாம் வகுப்பு பி பிரிவு. ஒரே அறையில் இருக்கும் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தோம். அக்கா என் கையை விட்டுவிட்டு நடந்தாள். இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள்.

நான் என் அறை வாசலில் நின்றேன். உள்ளே கரும்பலகை தெரிந்தது. இன்றைய தேதியும் பாடமும் மட்டும் எழுதியிருந்தது. மேற்பார்வைக்கு வந்த டீச்சர் வாசலைப் பார்த்து, "எழுதுறியா, இல்லையா?" என்றார். நான் திரும்பிவிட்டேன். திரும்பி இரண்டடி வைத்தும்விட்டேன். எங்கே போவது என்று தெரியவில்லை. பட்டறைக்குப் போனால் என் இடத்தில் அம்மா உட்கார்ந்திருப்பாள்.

அப்போதுதான் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் வந்தது.

"ஏ பாண்டி. மடிக்காதது ஒண்ணா ரெண்டா?"

வராந்தா முழுக்க ஆட்கள். பரீட்சைக்கு வந்தவர்கள், காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர், ஆசிரியர்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு அவள் பார்த்த திசையில் என்னைப் பார்த்தார்கள். அக்கா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. உண்மையாகவே மறந்துவிட்டாள். மறந்துவிட்டால் எல்லாவற்றிலும் மறுபடி ஒரு இரண்டைச் சேர்த்துப் பெருக்குவாள். தாளை நீட்டிக் காட்ட முடியாது. விரலைக் காட்டினால் அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது.

"ஒண்ணுக்கா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"ஒண்ணு. முதுக எண்ணாத, தாள எண்ணு. மடிக்காட்டியும் தாளு இருக்கும்ல. ஒண்ணு."

என் குரல் அந்தக் கட்டடத்தில் அவ்வளவு பெரிதாக ஒலித்து நான் கேட்டதே இல்லை. போலீஸ்காரர் என்னைப் பார்த்து, "என்னம்மா இது, மளிகைக் கடையா?" என்றார். யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா அங்கிருந்து தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

நான் மட்டும் வெளியே இருந்தேன். சத்தம் போட்டு முடித்த பிறகு வெளியே நிற்பதுதான் கூச்சமாக இருந்தது. உள்ளே போனேன். நான் அன்று சாக்பீஸோடு நின்ற இடத்தைத் தாண்டித்தான் என் பெஞ்சுக்குப் போக வேண்டியிருந்தது. தாண்டினேன்.

கேள்வித்தாள் சுலபமும் இல்லை, கஷ்டமும் இல்லை. தெரிந்ததை எழுதினேன். வடிவியல் ஒன்று பாதியில் நின்றுவிட்டது. அடுக்கில் ஒரு கேள்வி வந்தது, விடுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொல்லி. எழுதினேன். அக்காவும் எழுதினாளாம். "வருமா பாண்டி?" என்று பஸ் நிறுத்தம் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். தெரியவில்லை என்றேன். எனக்கும் தெரியாது.

பட்டறைக்குப் போனபோது வேலை முடிகிற நேரம். அம்மா என் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் மடித்த ஃபாரங்கள் அவள் தோள் உயரத்துக்கு இருந்தன. நான் ஒரு வாரத்தில் மடிப்பதில் பாதி இருக்கும். அம்மா நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்து கடைசிக் கட்டை அவளோடு சேர்ந்து மடித்தேன். எழுதினாயா என்று அவள் கேட்கவில்லை. என் விரலில் இருந்த மையைப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது நான்தான் கேட்டேன்.

"இடுப்பு வலிக்குதாம்மா?"

அம்மா இடுப்பில் வைத்திருந்த கையை எடுத்தாள்.

"அது எப்பவோ போச்சுடி" என்றாள்.

"தெரியும்" என்றேன்.